பெயர் சொல்லாத பட்டன்

முதல் அடி காதில் விழுந்தது.

ஜானவி நாற்காலியோடு சாய்ந்தாள். தலை சுவரில் இடித்தது. தரையில் கிடந்தவளுக்கு வலது காதுக்குள் குக்கர் விசில்போல ஒரே கூவல்.

"காதுல மட்டும் வேண்டாம்," என்றாள்.

வேறு எங்கே அடித்தாலும் பொறுத்துக்கொள்வாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்குக் காதும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஆனந்தகிருஷ்ணன் அதைக் கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொண்டு, அதே காதில் இன்னொன்று வைத்தான்.

"அத்தனை பேர் முன்னாடி நாணக்கேடு!"

காலை பத்து மணிக்குத்தான் அவன் தோளில் பொன்னாடை விழுந்திருந்தது. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே புகார் அனுப்ப ஒரு இணையதளம். பார்வையற்றவர்களும் யார் துணையும் இல்லாமல் அதில் புகார் எழுதும்படி அமைத்துக் கொடுத்தவன் அவன். பார்வையில்லாத பெண்ணைத் தேடிக் கல்யாணம் செய்துகொண்ட மகான் என்று அவர்கள் குடியிருக்கும் கரமனையில் தெரு முழுக்க ஏற்கெனவே பேச்சு உண்டு.

மேடையில் தளத்தை இயக்கிக் காட்ட, பார்வையற்ற ஆசிரியை ஒருவரை அழைத்திருந்தார்கள். கணினியின் குரல் வாசிக்க வாசிக்க, அவர் எல்லாப் பெட்டிகளையும் நிரப்பிவிட்டார். கடைசிப் பட்டனுக்கு வந்ததும் குரல் 'பட்டன்' என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. 'அனுப்பு' என்று அதன் பெயரையும் சொல்லியிருக்க வேண்டும். அனுப்புகிற பட்டனா, அழிக்கிற பட்டனா என்று தெரியாமல் அவர் விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்க, கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பே ஜானவி இதைச் சொல்லியிருந்தாள். அவன் செய்கிற தளங்களையெல்லாம் முதலில் சோதித்துப் பார்ப்பவள் அவள்தான். எனக்கே தப்பு சொல்கிறாயா என்று அன்றைக்கு அவளுடைய இடது சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தான். அது இன்னும் நேராகவில்லை.

இன்றைக்கு, ஏன் சொல்லவில்லை என்று அடி.

முடியைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். லேப்டாப்பை மேஜையில் அறைந்து திறந்தான். ஆபீசில் பட்டனைத் திருத்திவிட்டார்களாம். திருத்தியது டெஸ்ட் தளத்தில் இருக்கிறதாம். அது சோதனைக்கென்று வைத்திருக்கும் நகல். அங்கே எதை எழுதி அனுப்பினாலும் எங்கேயும் போய்ச் சேராது. இவள் சரி என்று சொன்ன பிறகுதான் ஊருக்குத் திறந்துவிட்ட தளத்தில் மாற்றுவார்கள்.

இந்த வீட்டில் அவளுக்கு இன்டர்நெட் கிடைப்பது இப்படி அவன் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான். அவளுடைய போன் ஐந்து மாதமாக அவன் பீரோவில் இருக்கிறது.

திரையைக் கறுப்பாக்கினான். சோதனை என்றால் காதை மட்டும் நம்பிச் செய்ய வேண்டும் என்பது அவன் வைத்த விதி. கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவான்.

குரல் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. ஜானவி கேட்கிற வேகத்தில் அவனுக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. பிடிபடுவதுபோலத் தலையாட்டுவான்.

முதலில் பக்கத்தின் முகவரியை வாசித்தது. ஜானவி இடது காதைத் திருப்பிக்கொண்டு அதை இன்னொரு முறை வாசிக்கவைத்தாள்.

பின்கழுத்தில் குத்து விழுந்தது. "என்னடி தடவிண்டிருக்கே? ஆரம்பி."

"புகார்னு என்ன எழுதட்டும்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன் பேரையே போடு. நம்மாத்து அட்ரஸைப் போடு. ஆத்துக்காரன் அடிக்கறான்னு எழுது, கேட்டியா. அவன் பேரு ஆனந்தகிருஷ்ணன்."

எழுதினாள்.

ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவும் விசை இடது சுண்டுவிரலுக்கு உரியது. மொத்தம் பதினான்கு பெட்டிகள். ஒவ்வொரு தாவலுக்கும் வலி தோள்வரை ஏறியது. ஆறாவது பெட்டியில் விரல் நின்றுவிட, அவன் நாற்காலியை உதைத்தான். அவள் வாய் மேஜை விளிம்பில் மோதியது. கீபோர்டில் ரத்தம் சொட்டியது. முந்தானையால் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் லலிதாம்பாள் மாமி டிவி சத்தத்தைக் கூட்டினாள். இங்கே அடி விழுந்தால் அங்கே சீரியல் அலறும். ஐந்து வருஷமாக மாமிக்கு இதே வேலை.

போலீஸ் உடனே வர வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்டது. ஆம் என்று குறித்தாள்.

கடைசிப் பட்டன் வந்தது. குரல் சொன்னதைக் கேட்டாள். அழுத்தினாள். குரல் நீளமாக ஒரு எண்ணை வாசித்து ஓய்ந்தது.

"பட்டன் பேரு சொல்லித்தா?"

"சொல்லித்து. அனுப்புன்னு நன்னாச் சொல்லித்து."

அவன் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுவிட்டான். அடித்த கையை உதறிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தரம் அனுப்பு. எனக்கு உறுதியாத் தெரியணும்."

குரல் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. காலையில் மேடையில் நின்றதுபோலவே 'பட்டன்' என்று மட்டும் சொல்லி நின்றது. அது எந்தப் பட்டன் என்று அவளுக்கு மூன்று வாரமாகத் தெரியும். முகவரியை இரண்டு முறை கேட்டதிலும் டெஸ்ட் என்ற வார்த்தை இல்லை. ஆத்திரத்தில் அவன் திறந்துவைத்தது ஊருக்குத் திறந்த தளம்.

ஜானவி மறுபடியும் முதல் பெட்டிக்குப் போனாள்.

இந்த முறை சுண்டுவிரலைப் பற்றியும் எழுதினாள்.