ஒரு சிசி தண்ணீர்

ஊசியை உருவிய பிறகுதான் நர்ஸ் மாரப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மார்கழி மாதம். வெளியே வரிசையில் நின்றவர்கள் காதில் துண்டைச் சுற்றியிருந்தார்கள்.

திங்கள், புதன், வெள்ளி. அரசு விடுமுறை தவிர மாரப்பன் இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வராமல் இருந்ததில்லை. மூன்று வருடமாக. முதுகில் பிடிப்பு, வயிற்றில் ஏதோ உருளுகிறது, காதுக்குள் ரயில் ஓடுகிறது. எத்தனை பரிசோதனை செய்தாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் ஊசி போடாமல் மனிதர் நகர மாட்டார். நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகர மாட்டார்.

டாக்டர்தான் வழி சொன்னார். மருந்து கலக்குகிற தண்ணீர், ஒரு சிசி. உடம்புக்குக் கெடுதல் இல்லை. சுரீரென்று வலிக்கும். வலித்தால் அது நல்ல ஊசி என்பது இங்கே எல்லோருடைய தீர்மானம்.

மாரப்பனோடு அது நிற்கவில்லை. அடம்பிடித்த எல்லோருக்கும் அதுவே ஆயிற்று. நர்சம்மாவுக்கு ராசியான கை என்று ஊர் சொன்னது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை. உள்ளதைச் சொன்னால், நிறையவே பெருமை.

இன்று அவர் என்ன சொன்னார்?

அவள் தண்ணீரை இழுத்துக்கொண்டே ம், ம் கொட்டியிருந்தாள். காதில் விழுந்தது இப்போதுதான் புத்தியில் ஏறியது.

நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. இடது கை மரத்துப்போகிறது. தாடை இழுக்கிறது.

அவள் ஊசியைத் தட்டில் போட்டாள்.

"ஐயா, எந்திரிக்காதீங்க. ஈசிஜி எடுக்கோணும். டாக்டர் பாக்கட்டும்."

மாரப்பன் எழுந்துவிட்டிருந்தார். பஸ் வருகிற நேரம்.

"அதான் ஊசி போட்டாச்சுல்லங் நர்சம்மா. இனி கேட்டுரும்ங். இப்பவே நெஞ்சு லேசாயிருச்சு, பாருங்க."

உதடு வெளுத்திருந்தது. சொல்லிவிட்டுச் சிரித்தார். பொய் சொல்லவில்லை. மனதார நம்பினார்.

அவள் கையைப் பிடித்தாள். சில்லிட்டுப் பிசுபிசுத்தது. அவர் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்துவிட்டார். டாக்டர் பிரசவ அறையில் இருந்தார். அவள் கத்திக் கூப்பிட்டாள். கதவு திறப்பதற்குள் அவர் படிக்கட்டுக்குப் போய்விட்டார். கேட்டுக்கு இருபதடி. அதற்கப்பால் சாலை, பஸ், அரை மணி நேரப் பயணம்.

"ஐயா, அது தண்ணி!"

அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"மருந்தே இல்லீங்கய்யா. வெறும் தண்ணி. மூணு வருசமா தண்ணிதான் போட்டுட்டிருக்கேன். உங்க நெஞ்சுவலிக்கு அது கேக்காதுங்க. தயவுசெஞ்சு வந்து படுங்க."

மாரப்பன் திரும்பினார்.

அவளைப் பார்த்தார். ஊசி குத்திய இடத்தைத் தடவினார். சிரித்த வாய் இன்னும் மூடவில்லை.

பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதுவரை எங்கோ ஒதுங்கி நின்ற வலி ஒரேயடியாக வந்துவிட்டது.

டாக்டர் ஓடி வந்தார். தள்ளுவண்டி வந்தது. யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். நாடி இருந்தது. மெலிசாக, ஆனால் இருந்தது. தள்ளுவண்டியில் ஏற்றும்போது அவர் கண் அவளைத் தேடியதா, தவிர்த்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வண்டியோடு உள்ளே ஓடத் திரும்பியவள், வரிசையைப் பார்த்து நின்றாள்.

பதினொரு பேர். அத்தனை பேரும் ஊசிக்கு நின்றவர்கள். அவள் கத்தியது அத்தனை பேருக்கும் கேட்டிருந்தது.

முதலில் நின்ற பெண், தோள்வரை சுருட்டியிருந்த ஜாக்கெட் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள்.