கருவறைப் படகு

காலை ஐந்தே முக்கால். நைல் நதியின் எட்ஃபூ துறையில் கப்பலை இன்னும் கட்டி முடிக்கவில்லை. இருநூற்று ஏழாம் அறைப் பெண்மணி, கையில் குறிப்பேட்டுடன் படி இறக்குவதற்காகக் காத்திருந்தார்.

“டூரிஸம் ஆபீஸ்ல இருந்து சோதிக்க வந்த ஆளுதான்,” என்றான் வரவேற்பு மேசை ரகப். “விடுமுறைக்கு வந்த பொம்பளை மூணு நாளா ஒரு போட்டோகூட எடுக்கல. நீ வாயைத் திறந்தா மட்டும் குறிப்பேட்டைத் திறக்கறா. பார்த்துப் பேசு, நஜ்லா.”

நஜ்லாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பதினாறு வருடங்களாக வழிகாட்டி வேலை; அதே ஆறு, அதே கோயில்கள், அதே வாக்கியங்கள். இந்தப் பருவத்தில் அலுப்பில் பாதிக் கதையை விழுங்கிக்கொண்டிருந்தாள். வழிகாட்டி உரிமத்தைப் புதுப்பிக்க இன்னும் இரண்டு வாரம். யாரோ புகார் செய்திருக்க வேண்டும்.

கோயிலுக்குப் போகும் குதிரை வண்டியில் அந்தப் பெண்மணி அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பெயர் ஸனிய்யா; ஐம்பது வயதிருக்கும். வெளியே பார்க்கவில்லை. நஜ்லாவின் நிச்சயதார்த்த மோதிரத்தைப் பார்த்தார்.

“இன்னும் வலது கையில இருக்கு. இடது கைக்கு எப்ப மாறுது?”

“அடுத்த மாசம் கல்யாணம், மதாம். ரம்ஸானுக்கு முன்னாடி.”

மாப்பிள்ளை யாரென்று கேட்டார். உரிமத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் முகத்தைத் திருப்ப முடியாது. நஜ்லா சொன்னாள். பெயர் ஹுசாம். மன்சூராவில் இன்ஜினியர். மனைவியை இழந்தவர், அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

“மோதிரத்துக்கு உள்பக்கம் பேரு பொறிச்சிருக்காரா?”

“ம்.”

ஸனிய்யா குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி மூடினார்.

அன்று கோயிலில் நஜ்லா கதையில் எதையும் விழுங்கவில்லை. தூண் தூணாகச் சொன்னாள். தொண்டை வறண்டது. கருவறையில் மரப்படகின் முன்னால் குழுவை நிறுத்தி, ஹத்தோர் தேவி ஆண்டுக்கு ஒருமுறை தெந்தராவிலிருந்து படகேறி, கணவன் ஹோரஸைப் பார்க்க இங்கே வருவாள் என்றாள். யாரோ கொட்டாவி விட்டார்.

“அவன் அவளைத் தேடிப் போனதே இல்லையா?” மூன்று நாளில் ஸனிய்யா கோயிலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

“இல்ல மதாம். எப்பவும் அவதான் கெளம்பி வரணும்.”

வாசலில் நிற்கும் ஹோரஸின் கல் பருந்துச் சிலையோடு படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வெளியே போனார்கள். ஸனிய்யா போகவில்லை. நஜ்லாவுக்கு நின்று நின்று கால் கடுத்தது.

“மதாம், என் மேல என்ன புகார்னு நேராவே சொல்லிடுங்க. இந்த வேலையை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

ஸனிய்யா வாசற்கல்லில் உட்கார்ந்தார். குறிப்பேட்டை நீட்டினார். அதில் மூன்று நாளுக்கு மூன்றே வரிகள் இருந்தன.

‘பொறுமைசாலி.’

‘யாரிடமும் எரிந்து விழுவதில்லை.’

‘இவளுக்குத் தெரியாது.’

நஜ்லா நிமிர்ந்தபோது அவர் தன் இடது கை மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது விரல் முட்டியில் சிக்கியது. திருகித் திருகி எடுத்து நஜ்லாவின் உள்ளங்கையில் வைத்தார். உள்பக்கம் எழுத்து தேய்ந்திருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. ஹுசாம். அதே சாய்ந்த எழுத்து.

“இருபத்திரெண்டு வருஷமாகியும் நகைக்கடையை மட்டும் மாத்தல.” ஸனிய்யாவின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “நான் எதுல செத்தேன்னு சொன்னாரு?”