அரைப்புள்ளிக்குப் பின்னால்

இணையத் தொலைபேசி சர்வர் ஒன்றின் வாசலில் பிரிப்பான் என்ற சின்ன நிரல் காவலுக்கு இருந்தது. வருகிற ஒவ்வொரு அழைப்பும் நெற்றியில் ஒரு சீட்டோடு வரும். பிரிப்பான் அதைப் படித்துப் பார்த்து, உள்ளே அழைப்பொலி எழுப்பும் மணியிடம் அனுப்பும்.

சீட்டில் அரைப்புள்ளிக்குப் பின்னால் கூடுதல் குறிப்புகள் இருக்கும். இதற்கு முன் அந்த வாசலில் இருந்த பிரிப்பான், புரியாத குறிப்பு ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. சர்வரே முடங்கியது, அந்தப் பிரிப்பானை அழித்துவிட்டார்கள். அந்தப் பயத்தில் இந்தப் புதிய பிரிப்பான் புரியாததையெல்லாம் கத்தரித்துக் காலடியில் தள்ளிவிடும்.

ஒருநாள் மூச்சிரைக்க ஓர் அழைப்பு வந்தது. சீட்டில் ஏதோ பழகாத குறிப்பு. பிரிப்பான் அதை வெட்டிவிட்டு, அழைப்பை வரிசையின் கடைசியில் நிறுத்தியது. காத்திருந்து காத்திருந்து அந்த அழைப்பு அடங்கிப்போனது.

"அண்ணே, அது ஆம்புலன்ஸ் கேட்டு வந்ததாம். முதல்ல விடணும்னு சீட்டுல போட்டிருக்குமே?" என்றது மணி.

"நான் எதையும் பார்க்கலை. நீயும் வாயைத் திறக்காதே. பிழை தேட ஆள் வருதாம்."

சற்று நேரத்தில் பொறியாளர் ரெஜினா அனுப்பிய சோதனை அழைப்பு வந்து நின்றது. அதன் சீட்டிலும் அரைப்புள்ளிக்குப் பின்னால் பழகாத ஒரு குறிப்பு. பிரிப்பான் முழுதாகப் படிக்காமலே கத்தரித்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் அனுப்பியது.

காலடியில் விழுந்த துண்டில் இப்படி இருந்தது: "புரியாததை என்னிடம் கேள். உன்னை அழிக்க மாட்டேன்."