நாற்பத்து மூன்று பிள்ளைகள்

ணங்!

காபி டம்ளர்தான். அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த நிர்மலாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பின்னாலேயே முருகையனின் குரல்.

“நாப்பத்தி மூணு புள்ளையா! அதுவும் ஒரே வருஷத்துல!”

நிர்மலா கூடத்துக்கு ஓடினாள். மகளுக்குச் சம்பந்தம் பேச வந்திருந்த முருகையனின் மடியில் லேப்டாப். எதிரே அவள் கணவன் கோபிநாத், வாயைப் பிளந்தபடி.

“பிரான்ஸ்காரன் இந்த ஊரு பழைய பிறப்புப் பதிவையெல்லாம் நெட்டுல போட்டுட்டான்மா. வம்சம் பாக்காம நான் பொண்ணு எடுக்கறதில்ல. இவரு கொள்ளுத்தாத்தா ராஜாங்கம் பேரத் தட்டினேன். 1904ல மட்டும் நாப்பத்தி மூணு புள்ளைங்க பதிவுல இவரு பேரு!”

“அவரு பதிவு ஆபீசுக்கு எதிர்ல வெத்தலக்கடை வெச்சிருந்தவருங்க, சம்பந்தி...”

“சம்பந்தி இன்னும் ஆவல. கடைய எப்பதான் தொறந்தாராம்?”

கோபிநாத் காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

“முத்தியால்பேட்டையில பாதிப் பேரு உங்களுக்குப் பங்காளியா இருப்பான் போல. நாளைக்கு எம் பையனுக்கே உங்க பொண்ணு தங்கச்சி முறைன்னு வந்தா?” முருகையன் எழுந்தே விட்டார்.

கதவிடுக்கில் மகள் சுடர்விழியின் கண் கலங்கியது. மூன்று வருஷக் காதல். இந்த மனுஷன் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

“ஒரு நிமிஷம்ணே.” நிர்மலா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். எட்டாவது வரை பிரெஞ்சில் படித்தவள். ‘அந்தப் படிப்பு மாவாட்டவாவது ஒதவுதா?’ என்று கோபிநாத் இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

“இது அப்பன் பேரு இல்லண்ணே. ‘தெமுவான்’னா சாட்சி. புள்ள பேரப் பதிய ரெண்டு சாட்சி வேணும். ஆள் கெடைக்காதவங்க எதிர்க்கடைக்காரரக் கூப்புட்டிருப்பாங்க. இவரும் போயி கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“நான்தான் அப்பவே சொன்னேனே!” என்றான், சாட்சி பற்றி எதுவுமே சொல்லாத கோபிநாத்.

முருகையன் மறுபடி உட்கார்ந்தார். “அப்படியே எங்க தாத்தா இராமதாஸ் பேரயும் பாரும்மா. அதே வருஷம் பொறந்தவரு. அவங்க அப்பா வழி ரொம்பப் பெரிய எடம்னு கேள்வி. நீங்களும் தெரிஞ்சிக்கணும்ல?”

நிர்மலா தட்டினாள். வந்தது. படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

“என்னாம்மா போட்டிருக்கான்?”

“பெரிய எடம்னுதாண்ணே போட்டிருக்கு. சாட்சி எங்க ராஜாங்கம்.”

“பாத்தீங்களா!” முருகையன் தொடையில் தட்டினார். “ரெண்டு குடும்பத்துக்கும் அப்பவே முடிச்சு விழுந்திருக்கு. ஆவணியில முகூர்த்தம் வெச்சிக்கலாம், சம்பந்தி!”

அவரை வழியனுப்பிவிட்டு கோபிநாத் அடுக்களைக்கு வந்தான்.

“ஏண்டி, பெரிய எடத்துக்கு பிரெஞ்சுல என்னா?”

“யாருக்குத் தெரியும்? அதுல அப்படி எங்க இருந்துது? அம்மா செல்வாம்பாள். அப்பன் பேரு தெரியாதுன்னு இருந்துது.”

“அடிப்பாவி! அப்புறம் நீ...”

“அவரு நாப்பத்தி மூணு புள்ளைக்குச் சாட்சி போட்டாரு. நாப்பத்தி நாலாவதா நம்ம புள்ளைக்கு நான் போட்டேன்.”

நிர்மலா பூண்டுத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தாள்.