அனாதைப் படகு

பச்சை ஜீப் மூன்றாவது முறையாக வந்து நின்றபோது, குப்பத்தில் ஒரு வலைகூட வெளியே கிடக்கவில்லை. எல்லாவற்றையும் சுருட்டி வீட்டுக்குள் தள்ளியாகிவிட்டது.

"இங்க ஆமைங்களுக்கு சரணாலயம் வரப்போவுதாம். மீன் புடிக்கறோம்னு ஒத்துக்கினா கேஸு போட்டு வலைய புடுங்கிடுவானுங்க. யாரும் வாய தொறக்கக் கூடாது" என்று குப்பத்துத் தலைவர் காத்தவராயன் காலையிலேயே சொல்லியிருந்தார். ஜெகதாம்பாள் தன் மீன்கூடையைக்கூட ஒளித்துவிட்டுத்தான் கூட்டத்தோடு நின்றாள்.

வனத்துறை ஜீப்பிலிருந்து கலெக்டர் ஆபீஸ் அதிகாரி ஹெலன் இறங்கினார். கையில் தடித்த நோட்டு.

"நோட்டீஸ் ஒட்டியிருந்தோமே, படிச்சீங்களா?"

"அதெல்லாம் தெரியும்மா" என்றார் காத்தவராயன். ஒட்டிய அன்றே ஒரு வரிகூடப் படிக்காமல் கிழித்துப் போட்டவர் அவர்தான்.

"இந்தக் கரையில எத்தனை வருஷமா வலை போடறீங்க?"

"நாங்க எங்கம்மா போடறோம்? கேளம்பாக்கத்துக்குக் கட்டட வேலைக்கு இல்ல போய்க்கினு கீறோம்."

ஹெலன் முகம் வாடியது. பேனாவை மூடினார். 'இன்னா நடிப்பு!' என்று ஜெகதாம்பாள் மனசுக்குள் கறுவினாள்.

"அப்ப இந்தப் படகு?"

"எவனோ வுட்டுட்டுப் போனது. அனாதப் படகும்மா."

சாகும்வரை ஜெகதாம்பாளின் புருஷன் ஓட்டிய படகு அது. இன்று மகன் தேவா ஓட்டுகிறான்.

"எதுய்யா அனாத?" கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "என் மாமனாரு காலத்துலேர்ந்து இங்கதான் வலை போட்டுகினு கீறோம். எழுதிக்கோம்மா! ஜெயில்ல போடறதுன்னா போடு!"

காத்தவராயன் தலையில் அடித்துக்கொண்டார். ஹெலன் பேனாவைத் திறந்து மளமளவென்று எழுதினார். பெயர், வருஷம், படகு, கடலில் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நோட்டை நீட்டிக் கையெழுத்து போடச் சொன்னார்.

ஜெகதாம்பாள் பேனாவை வாங்கிக்கொண்டு நோட்டைப் பார்த்தாள். "இன்னா கேஸும்மா இது?"

"கேஸ் இல்லம்மா, உங்க உரிமை. சரணாலயம்னு அறிவிக்கறதுக்கு முன்னாடி அதக் கேட்டு எழுத வேண்டியது எங்க கடமை. இன்னிக்குத்தான் கடைசி நாள்."

காத்தவராயன் நோட்டை எட்டிப் பார்த்தார். "இவ வாய தொறக்காம இருந்தா இன்னா எழுதியிருப்பீங்கம்மா?"

"இந்தக் கரையில யாருக்கும் உரிமை இல்லன்னு."