ஒன்பதரை மணி ஜாஸ்

கையில் ஒரு பை அப்பிளோடு முனீப் நிலுஷாவின் வீட்டுப் படலையடியில் நின்றார். நோயாளியைப் பார்க்க வந்தவர்போல முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். உட்துறைமுக வீதியில் இருபத்திரண்டு அறையோடு ஹோட்டல் நடத்துகிற முதலாளி, தானே ஓட்டோ பிடித்து, காலை எட்டரைக்கே வந்திருந்தார்.

"ரெண்டு நாளா நீங்க வரல்ல தங்கச்சி. என்ட ஹோட்டல் நாறிப் போச்சு."

நிலுஷாவுக்குக் காய்ச்சலுமில்லை, ஒன்றுமில்லை. மேசையில் கிடந்த கடிதம்தான் காரணம். இலங்கைத்துறைப் பக்கம் ஒரு அரசாங்கக் கந்தோரில் பட்டதாரி நியமனம். ஏற்பதா இல்லையா என்று இன்றைக்குள் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதத்துக்காக நாலு வருடம் காத்திருந்தவள் அவள். வேலையில்லாப் பட்டதாரிகளோடு பதாகை பிடித்து வெயிலில் குந்தியிருந்தவள். அங்கேயும் சும்மா இராமல் கிற்றாரை எடுத்தாள். இருக்கிற ஆதரவையும் கெடுக்காதே என்று கூடப் படித்த கீர்த்தனி அதைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

அவளுடைய கலை வாழ்க்கை முழுக்க இந்த இலட்சணம்தான். கோயிலில் திருப்பாடலுக்கு ஜாஸ் பாணியில் வாசித்தபோது, "பிள்ளை, கிற்றார் பழுதோ?" என்று பாதர் அக்கறையாக விசாரித்தார். கலியாண வீடுகளில் பைலா கேட்டார்கள். அவள் கொடுத்ததற்கு மாப்பிள்ளையின் குடிகார மாமனாலேயே ஆட ஏலாமல் போனது. திருகோணமலையின் ஒரே ஜாஸ் கிற்றார் கலைஞர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வாள். வேறொருவரும் அந்த இடத்துக்குப் போட்டி போடாததால் மறுப்பும் வரவில்லை.

முனீப் ஒருவர்தான் மேடை கொடுத்தவர். காலைச் சாப்பாட்டு நேரத்தில், ஒன்பதரையிலிருந்து பத்துவரை. இராச் சாப்பாட்டுக்கும் வாசிக்கட்டோ என்று ஒருமுறை கேட்டபோது, ஒங்கட வாசிப்பு காலமைக்குத்தான் சரி என்று சொல்லிவிட்டார். காலமைக் காது சுத்தமான காது என்று அதற்கு அவளே ஒரு விளக்கமும் வைத்திருந்தாள்.

ஜாஸ் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. பத்து மணிக்குக் கண்ணைத் திறந்தால், பரிமாறுகிற றிகாஸ் மட்டும் மேசை துடைத்துக்கொண்டு நிற்பார். துணியைத் தோளில் போட்டுவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவார். வெள்ளைக்காரருக்குப் படகுச் சவாரிக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

"சும்மா சொல்லாதீங்க நானா," என்றாள் இப்போது. "என்னை ஆர் அங்க தேடினது?"

"வந்து பாருங்க தங்கச்சி. இருந்த ஆக்கள் இருந்தபடி இருக்கிறாங்க. நேத்து பன்னிரண்டு மணி மட்டும் ஒருத்தரும் அசையல்ல. பகல் சாப்பாட்டுக்குக் கொழும்பிலயிருந்து வந்த பஸ் ஆக்கள் முழுப்பேரும் வெளிய வெயிலுக்குள்ள நிண்டாங்க."

நிலுஷா கதிரையில் இருந்துவிட்டாள். இரண்டரை மணித்தியாலம், அவளுக்காக. கூடவே கொழும்பிலிருந்து ஒரு பஸ் சனம், அதுவும் வெயிலில். பட்டமளிப்பு விழாவில்கூட அவளுடைய பெயருக்கு அம்மாவைத் தவிர ஒருவரும் கை தட்டவில்லை.

முனீப் விடவில்லை. வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். வாசலில் பெயர்ப் பலகை வைப்பாராம். பெரிய ஸ்பீக்கர் ஒன்றுக்கு நேற்றே ஓடர் கொடுத்துவிட்டாராம்.

அம்மா மாகிரட் குசினி வாசலில் நின்றார். "எங்கட சந்ததியில கந்தோர்க் கதிரையில ஆரும் இருந்ததில்ல," என்றார் மெல்ல. "நீ ஒருத்தி இருப்பாயெண்டுதானே நான் இறால் உரிச்சுப் படிப்பிச்சனான்."

அது சுருக்கென்று தைத்தது. நிலுஷா தன் கொள்கைப்படி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் அந்தப் பஸ் சனம் வரிசையில் நின்றது.

கண்ணைத் திறந்து, கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தாள். நியமனம் வேண்டாம் என்றாள். காரணம் பதிய வேண்டும் என்றது அந்தப் பக்கத்துப் பெண் குரல்.

"ஜாஸ்," என்றாள் நிலுஷா, முதுகை நிமிர்த்தி.

"அது எந்தத் திணைக்களம்?"

அவள் விளக்கப் புறப்படுவதற்குள், பட்டியலில் அடுத்த பெயர் கீர்த்தனி என்றும், வேலை அவளுக்குப் போகும் என்றும், இனி மாற்ற ஏலாது என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அம்மா உள்ளே போனார். குசினிக்குள் சட்டி ஒன்று வேண்டியதைவிடச் சத்தமாக அடுப்பில் ஏறியது.

ஓட்டோவில் கிற்றாரை முனீப்பே மடியில் வாங்கி வைத்துக்கொண்டார், பிறந்த பிள்ளையை வைத்திருப்பதுபோல. துறைமுகத்துக் காற்று முகத்தில் அடித்தது. நிலுஷா தலைமுடியை ஒதுக்கி, பெரிய கலைஞர்கள் பேட்டியில் பேசுகிற குரலில் கேட்டாள்.

"அவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருந்த ஆக்கள். இண்டைக்கு எதை வாசிக்கட்டும், நானா? அவைக்கு எது விருப்பம்?"

"எதையெண்டாலும் வாசிங்க தங்கச்சி." முனீப் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, கெதியாகப் போகச் சொல்லி ஓட்டோக்காரரின் தோளில் தட்டினார். "சாப்பிட்டது போதும், மேசைய விடுங்க எண்டு நான் சொல்லேலாது. சொன்னா இன்டர்நெட்டில குறை எழுதிப் போடுவாங்க."

பெருமூச்சு விட்டார்.

"நீங்க வாசிச்சாத்தான் தாங்களாவே எழும்பிப் போவாங்க."