கடற்கழிக் கரையில் ஒரு விழா

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், மக்கள் இயற்கையை ரசித்து மகிழ வேண்டுமென்று கிளேபாங் கடற்கழிப் பூங்காவில் அதிகாரிகள் விழா எடுத்தார்கள். கழியைச் சுற்றி ஓடி முதலில் வரும் ஐம்பது ஆண்களுக்கு ஆளுக்கு ஒரு படி அரிசி பரிசு. மேடையில் ஒரு மூட்டையும், சவுக்கு மரத்தடியில் நான்கு லாரிகளும் காத்திருந்தன.

கஜா பேராங் ஊரிலிருந்து வந்த தனபாலன் நொண்டிக்கொண்டே கடைசியாக வந்தான்.

"பிள்ளைங்க மரவள்ளியே தின்னுதுங்க. உங்களுக்கு இன்னிக்குத்தானா கால் சுளுக்கணும்?" என்று மனைவி அன்னம்மா அழுதாள்.

"கொக்கு பார்த்துக்கிட்டு உட்காருங்க, அண்ணே!" என்று வென்ற ராஜன் சிரித்தான்.

அதிகாரி வென்றவர்களின் உடல்வலிமையை மனமாரப் புகழ்ந்தார். உடனே ஐம்பது பேரையும், போனவர் திரும்பாத சயாம் காட்டில் ரயில் பாதை போட லாரிகளில் ஏற்றச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் தனபாலன் நொண்டாமல் நடந்தான். திகைத்து நின்ற மனைவியிடம் கேட்டான்:

"ஒரு மூட்டை அரிசியை ஏத்திவர நாலு லாரி எதுக்குடி?"